கூடு கிடைத்தபின் குயில்: பினாங்கில் வலசையும் தங்கலும்

இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1879இல், அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பாதியில் காணப்படும் பறவைகளுக்கு ஒரு முதற்பட்டியலை வெளியிட்டார். அவரே நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் அது வந்தது. காட்டிலும் கரையிலும் அலைந்து அவருக்காகப் பறவைகளைச் சேகரித்தவர் வில்லியம் டேவிசன். சுட்ட பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தி, காலில் ஊரும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டிவைப்பது அக்கால முறை. பறவை எங்கே, எப்போது இருந்தது என்பதை அந்தச் சீட்டு சொல்லும். அங்கேயே முட்டையிட்டு வாழ்ந்ததா, இரண்டு மாதம் தங்கிப் போக வந்ததா என்பதைச் சொல்லாது. சீட்டுகள் போதிய அளவு சேர்ந்து, ஓர் இனம் எந்தெந்த மாதங்களில் அறவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் வலசை என்ற பேச்சுக்கே இடம் வந்தது.

அந்தச் சேர்க்கைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஹெர்பர்ட் ராபின்சன் தொடங்கிய ‘மலாய்த் தீபகற்பப் பறவைகள்’ நூல்வரிசையின் முதல் தொகுதி 1927இல் வெளிவந்தது. மெட்வே பிரபுவும் டேவிட் வெல்ஸும் எழுதிய ஐந்தாம் தொகுதி 1976இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் முறையே மாறிவிட்டது. டென்மார்க்கில் ஹான்ஸ் மோர்டென்சன் 1899இல் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட உலோக வளையம் மாட்டித் தொடங்கிய வழக்கம், எலியட் மெக்ளூர் தலைமையில் 1963 முதல் 1971 வரை ஆசியா முழுவதும் நடந்த பெருந்திட்டமாக வளர்ந்தது. அதற்குப் பணம் தந்தது அமெரிக்க இராணுவம். பறவைகள் நோய்களைச் சுமந்து வருகின்றனவா என்பதே அவர்களுடைய கவலை. பறவையியலுக்குக் கிடைத்ததோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வளையமிட்ட பறவைகள்.

இந்த ஆவணங்களையெல்லாம் குயிலை மனத்தில் வைத்துப் படித்தால் ஒரு விந்தை புலப்படும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குயில் ஊர்ப்பறவை. தீபகற்பத்திலோ அது நெடுங்காலம் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாகத்தான் அறியப்பட்டது. வடக்கே குளிர் தொடங்கும்போது வரும், பங்குனி சித்திரை வாக்கில் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. சிங்கப்பூரில் 1980களில் அது முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது. இன்று பினாங்கிலும் ஆண்டு முழுதும் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் குயில்கள் இன்னும் வரத்தான் செய்கின்றன. ஆகவே மார்கழியில் ஜார்ஜ் டவுன் ஆலமரம் ஒன்றில் பழம் தின்னும் இரு குயில்களில் ஒன்று உள்ளூர்க்காரனாகவும் மற்றது ஊர்திரும்ப வேண்டியதாகவும் இருக்கலாம்.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது காக்கை. 1890களில் காப்பிச் செடிகளைத் தின்னும் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்துக்கு ஊர்க்காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி இலைநோயால் நொடித்த இலங்கைத் தோட்டத்துரைமார் சிலர் மலாயாவுக்கு மாறிவந்த காலம் அது. அவர்கள் நம்பிய காப்பி இங்கும் நிலைக்கவில்லை, ரப்பர் வந்தது. காக்கை மட்டும் நிலைத்தது. துறைமுகம், சந்தை, குப்பைமேடு என்று பற்றிக்கொண்டு மேற்குக் கரை நகரங்களில் பெருகியது. இங்கே முன்பே இருந்த பெரிய அலகுக் காக்கை இப்படி நகரத்துச் சாலையோர மரங்களில் நெருக்கமாகக் கூடு கட்டியதில்லை. குயில் தானாகக் கூடு கட்டாது என்பதும், காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பதும் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். கூடு வந்து சேர்ந்தது, குயிலும் தங்கியது.

தங்கியவை வலசை வந்த குயில்களின் வழித்தோன்றல்களா என்று இங்கே நான் வாதிடவில்லை, இனம் என்ற அளவிலேயே பேசுகிறேன். அந்த அளவிலேயே இது ஒரு பழைய விளக்கத்தை அசைத்துவிடுகிறது. குளிரில் இரை அற்றுப்போவதால் பறவை போகிறது, இரை இருக்குமிடத்தில் தங்குகிறது என்பதே பாடநூல் விடை. பூச்சியும் புழுவும் உறைந்துபோகும் சைபீரியாவுக்கு அது பொருந்தும். பினாங்கில் குயிலுக்குப் பழம் என்றுமே குறைந்ததில்லை; அப்படியிருந்தும் வந்த குயில் போய்க்கொண்டே இருந்தது. தின்ன இரை இருந்தால் மட்டும் போதாது, குஞ்சு வளர இடமும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே ஊரில் அமைந்த பறவைக்குப் பயணம் வீண் செலவு.

போகும் வேளையைப் பறவை எப்படி அறிகிறது? கனடாவில் வில்லியம் ரோவன் 1924இல் தொடங்கிய சோதனைகளில், குளிர்காலத்திலும் விளக்கொளியால் பகலை நீட்டிக் காட்டினால் ஜுங்கோ என்னும் சிட்டு வசந்தம் வந்ததாகக் கருதிக்கொள்கிறது என்று கண்டார். ஆனால் பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகை வடக்கே கிடக்கும் ஊர். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு நாற்பது நிமிடம்கூட இல்லை. இதற்கு விடை ஜெர்மனியில் 1960களின் இறுதியில் கிடைத்தது. பன்னிரண்டு மணி ஒளி, பன்னிரண்டு மணி இருள் என்று மாறாத அறையில் எபர்ஹார்ட் குவின்னர் வளர்த்த கதிர்க்குருவிகளுக்கும் உரிய பருவத்தில், வலசைக்குத் துடிக்கும் இரவுத் தவிப்பு வந்தது. ஆண்டுக்கணக்கு உடலுக்குள்ளேயே ஓடுகிறது. அதே நாட்டைச் சேர்ந்த பீட்டர் பெர்ட்ஹோல்ட், சில வலசை போய்ச் சில தங்கும் கருந்தலைக் கதிர்க்குருவிகளைத் தெரிந்தெடுத்து இணைசேர்த்தார். மூன்று தலைமுறையில் எல்லாம் வலசை போகும் கூட்டமும், நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள் எல்லாம் தங்கிவிடும் கூட்டமும் உருவாயின. 1990இல் வந்த இந்த முடிவின் வெளிச்சத்தில் பார்த்தால், தங்கியவை வலசை வந்தவற்றின் வழித்தோன்றல்களாகவே இருந்தாலும், குயில் கதையின் வேகம் வியப்புக்குரியதன்று.

எல்லாப் பறவைக்கும் இந்த வழி திறந்திருக்கவில்லை. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையிலான சேற்றுக்கரை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த பறவை வாழிடமாக அறியப்பட்டது. கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசிய வான்வழியில் வரும் பட்டைவால் மூக்கனும் தூரகிழக்குக் கோட்டானும் அங்கே இரைதேடுகின்றன. வடக்கின் குறுகிய கோடையில், பூச்சி மொய்க்கும் திறந்த நிலத்தில் குஞ்சு பொரிப்பவை இந்தக் கரைப்பறவைகள். அதற்கு ஈடாகப் பினாங்கில் எந்தக் காக்கையும் எதையும் கட்டித்தர முடியாது. ஆயினும் ஆனி ஆடியில் அந்தக் கரைக்குப் போனால் சில கோட்டான்கள் மேய்ந்துகொண்டிருக்கக் காணலாம். பெரும்பாலும் அவை இனப்பெருக்க வயதுக்கு வராத இளம்பறவைகள். அடைகாக்க ஒன்றுமில்லாத ஆண்டில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பது அவற்றுக்கும் வீண் செலவுதான்.