பாக்ஸ் என்னும் பெயரும் திபேரியஸ் காசின் பெண்ணுருவும்

பெங்களூரில் வைட்ஃபீல்டுக்கு மேற்கே, மாரத்தஹள்ளியை அடுத்த எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் 1965இல் கிடைத்த புதையலில், தினாரியஸ் எனப்படும் ரோமானிய வெள்ளிக் காசுகள் 256 இருந்தன. அவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை. 1891இல் யஷ்வந்தபுரத்தில் கிடைத்த 163 காசுகளில் திபேரியஸுக்குப் பின் ஆண்ட பேரரசர் கிளாடியஸின் வெளியீடுகளும் உண்டு. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் காணப்படும் இரு வகைகளுள் ஒன்று அகஸ்டஸின் சுவீகாரப் புதல்வர்களான காயுஸ், லூசியஸ் இருவரையும் காட்டுவது. மற்றது திபேரியஸின் தலையை முன்புறத்திலும், வலப்புறம் நோக்கி அமர்ந்த ஒரு பெண்ணைப் பின்புறத்திலும் கொண்டது. அப்பெண் ஒரு கையில் நெடிய கோலும் மறு கையில் இலைக்கிளையும் ஏந்தியிருக்கிறாள். ரோமானியரின் சமாதான தேவதையான பாக்ஸின் பெயரை அவளுக்கு இடுவது எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுப் பட்டியலைத் தொகுத்த ஹெரால்ட் மாட்டிங்லியின் வழியாக நிலைபெற்ற வாசிப்பு, இவளைப் பாக்ஸின் கோலத்தில் அமர்ந்த லிவியா, அதாவது அகஸ்டஸின் மனைவியும் திபேரியஸின் தாயுமானவர் என்று கொள்கிறது. ரோமில் அகஸ்டஸின் காலத்தில் பாக்ஸுக்குச் செனட் எழுப்பிய பலிபீடம் கி.மு. 9 ஜனவரி 30ஆம் நாள், லிவியாவின் பிறந்த நாளிலேயே அர்ப்பணிக்கப்பட்டது என்பது இவ்வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் காசின் எழுத்தில் லிவியாவின் பெயரும் இல்லை, பாக்ஸின் பெயரும் இல்லை. அங்கே உள்ளது 'போன்டிஃப் மாக்சிம்' என்ற சுருக்கம். 'தலைமைக் குரு' என்று பொருள்படும் அது பேரரசரின் சமயப் பதவியைக் குறிப்பது. மேலும், இதே உருவமும் இதே எழுத்தும் அகஸ்டஸ் உயிரோடிருந்த கி.பி. 13-14இலேயே வெளியாயின, எனவே அவர் மறைந்தபின் லிவியா பெற்ற 'அகஸ்டா' பட்டத்தையோ, தெய்வமாக்கப்பட்ட கணவருக்கு அவர் ஏற்ற பூசாரிப் பொறுப்பையோ இவ்வுருவத்தின் தோற்றத்துக்குக் காரணமாகக் காட்ட இயலாது. லிவியா கி.பி. 29இல் இறந்தபின்னும் இவ்வகை நின்றுவிடவில்லை.

பாக்ஸின் பெயர் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்ட காசுகளை நோக்கினால் இவ்வாசிப்பின் குறை தெளிவாகும். லத்தீனில் இச்சொல் உடன்படுதல், உறுதிசெய்தல் ஆகிய பொருள்தரும் வினையோடு உறவுடையது. ஆகவே அது வெறும் அமைதியன்று, இரு தரப்பார் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாகிய அமைதி. கி.மு. 44இல் லூசியஸ் எமிலியஸ் புக்கா வெளியிட்ட சிறு வெள்ளிக் காசில் அப்பெயர் 'பாக்ஸ்ஸ்' என ஈற்றில் ஓர் எழுத்து மிகுந்து வருகிறது. அதன் பின்புறத்தில் ஒன்றையொன்று பற்றிய இரு கைகள் உள்ளன. கி.மு. 28இல் எபேசு நகரில் அடிக்கப்பட்ட அகஸ்டஸின் பெரிய வெள்ளிக் காசில் 'பாக்ஸ்' என்ற எழுத்தோடு நிற்கும் பெண் கடூசியஸை, அதாவது இரு பாம்புகள் பின்னிய தூதர் கோலை, ஏந்துகிறாள். திபேரியஸுக்குச் சில ஆண்டுகளே பிற்பட்ட கிளாடியஸின் காசு 'பாச்சி அகஸ்டே', அதாவது 'அகஸ்டஸுக்குரிய பாக்ஸுக்கு', என்று எழுதிச் சிறகுடைய ஒரு பெண்ணைக் காட்டுகிறது. அவள் தூதர் கோலைத் தன் முன் ஊரும் பாம்பை நோக்கி நீட்டுகிறாள். பற்றிய கைகளும் தூதர் கோலும் உடன்படிக்கையின் சின்னங்கள். திபேரியஸ் காசில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. கிளையோடு கூடிய பாக்ஸ் பெருவழக்காவது கி.பி. 68க்குப் பின் கால்பா, வெஸ்பாசியன் ஆகியோரின் காசுகளில்தான். பிற்கால வழக்கை முற்காலத்தின்மேல் ஏற்றியதாலேயே அமர்ந்த பெண் பாக்ஸ் ஆனாள் எனத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக ஒரு வேறுபாட்டை முன்வைக்கலாம். சில அச்சுகளில் அவள் கையில் இருப்பது கோல் அன்று, முனை கீழ்நோக்கிய ஈட்டி. போர் ஓய்ந்ததை அது உணர்த்துமாயின் மாட்டிங்லியின் பக்கம் சற்று வலுப்பெறும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஈட்டியும் கோலும் மாறி மாறி வருவதைப்போலவே நாற்காலிக் கால்கள் சில அச்சுகளில் எளிமையாகவும் சிலவற்றில் அலங்காரத்தோடும் உள்ளன. இவ்வச்சுகளின் கால வரிசை இன்னும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஈட்டி மூல வடிவமா, செதுக்கியவரின் பிற்கால மாற்றமா என்பது தீராதவரை, அதன்மேல் ஒரு தெய்வப் பெயரை நிறுத்துவது பொருந்தாது. தலைமைக் குருவின் பதவியோடு சேர்ந்து நிற்கும் பெயரற்ற உருவம் என்று கொள்வதே சான்றுக்கு நெருக்கமானது.

இந்தியச் சான்று சிறிதெனினும் இதே திசையைக் காட்டுகிறது. இவ்வகைக் காசைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பட்ட போலிப் படிகளில் லத்தீன் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருக்க, அமர்ந்த பெண்ணின் உருவம் மட்டும் அடையாளம் காணுமளவுக்குத் தப்பியிருக்கிறது. அவளைத் திருமகளாகவோ வேறு தெய்வமாகவோ இங்குள்ளோர் கண்டனர் என்பதற்குச் சான்று இல்லை. வெள்ளியின் தரத்துக்கு உறுதிகூறும் முத்திரையாக அவ்வுருவம் பயன்பட்டது என்பதே கூடுதலாக நம்பத்தக்கது. நீரோ கி.பி. 64இல் தினாரியஸின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தபின், முந்தைய காசுகளே நெடுந்தொலை வணிகத்தில் விரும்பப்பட்டிருக்கும். அதனால்தான் எச்.ஏ.எல். புதையலில் கிளாடியஸ் இல்லாமையைக் கொண்டு அது யஷ்வந்தபுரம் புதையலுக்கு முற்பட்டது என்று முடிவுகட்ட இயலாது. திபேரியஸின் ஆட்சிக்காலத்திலேயே புதைக்கப்பட்டதா, நீரோவுக்கும் பின்னரா என்பதை அக்காசுகள் மட்டும் கொண்டு தீர்மானிக்க வழியில்லை.