பார்சி லைன்: ஓர் ஐந்து டன் கணக்கு

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிறவர்கள் சோலாப்பூரைத் தாண்டியதும் குர்டுவாடி ஜங்ஷனைப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் ‘பார்சி ரோடு’. பார்சி என்ற ஊர் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பருத்திக்கும் எண்ணெய் வித்துக்கும் பேர்போன சந்தை அது. ஆனால் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே போட்ட பெரிய லைன் ஊரைத் தொடாமல் போய்விட்டது. மூட்டைகள் மாட்டுவண்டியில்தான் ஸ்டேஷனுக்கு வந்து சேர வேண்டும்.

அந்தக் கம்பெனியில் லோகோ இன்ஸ்பெக்டராக 1882-ல் வேலைக்கு வந்தவர் எவரார்ட் கால்த்ராப் என்ற இளம் ஆங்கிலேயர். இப்படி விடுபட்ட ஊர்களுக்குச் சிக்கனமான சிறு ரயில் போட முடியும் என்பது அவருக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1895-ல் பார்சி லைட் ரயில்வே கம்பெனி பிறந்தது. பெரிய லைனின் அகலம் ஐந்தரை அடி என்றால், இதற்கு இரண்டரை அடி.

அகலத்தைக் குறைத்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. கால்த்ராப்பின் சாதனை எடைக் கணக்கில் இருக்கிறது. அன்றைய சிறு ரயில்களில் வேகன்கள் இலேசாக இருக்கும். எஞ்சின் மட்டும் கனமாக இருக்கும். அந்த ஒரு எஞ்சினைத் தாங்குவதற்காக லைன் முழுக்கக் கனத்த தண்டவாளம் போட வேண்டியிருக்கும். கால்த்ராப், எஞ்சினோ வேகனோ எதுவானாலும் ஓர் அச்சில் ஐந்து டன்னுக்கு மேல் பாரம் இறங்கக்கூடாது என்று வரையறுத்தார். எஞ்சினின் எடையை ஆறு அச்சுகளில் பரப்பினார். அதனால் கெஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள மெல்லிய தண்டவாளமே போதுமானதாயிற்று. மறுபக்கம், வேகனின் ஒவ்வோர் அச்சிலும் அதே ஐந்து டன் வரை பாரம் ஏற்ற முடிந்ததால் சரக்கு நிறைய ஏறியது. செலவு குறைந்தது, வரும்படி கூடியது. இது காகிதக் கணக்கல்ல என்று காட்ட, 1896-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரருகே சோதனைப் பாதை போட்டு, எஞ்சினியர்களை அழைத்து எஞ்சினையும் வேகன்களையும் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் அவை கப்பலேறின. 1897-ல் குர்டுவாடி–பார்சி ரயில் ஓடத் தொடங்கியது.

1906-ல் பண்டரிபுரத்துக்குக் கிளை போனது. ஆஷாட ஏகாதசிக்குப் பாண்டுரங்கனைத் தரிசிக்க வரும் கூட்டம் நமக்குத் தெரிந்ததுதான். பருத்திக்காகப் பிறந்த ரயில் பக்தர்களின் ரயிலுமாயிற்று. 1911-ல் லாத்தூர், 1927-ல் மிரஜ். ஓர் ஊருக்காகத் தொடங்கிய லைன் 202 மைல் நீண்டது. கணக்குச் சரியாக இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கால்த்ராப் பிற்காலத்தில் பாராசூட் பக்கம் திரும்பினார். நண்பர் சார்லஸ் ரோல்ஸ் – ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனர்களில் ஒருவர் – 1910-ல் விமான விபத்தில் இறந்தது அவரை உலுக்கியிருந்தது. ‘கார்டியன் ஏஞ்சல்’ என்ற பாராசூட்டை உருவாக்கினார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அதைக் கொடுக்க மேலிடம் மனம் வைக்கவில்லை. எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1927-ல், மிரஜ் லைன் முடிந்த அதே வருடம், அவர் காலமானார்.

சுதந்திரத்துக்குப் பின் பெரிய ரயில்வேக்கள் எல்லாம் அரசின் மண்டலங்களாகிவிட்டன. பார்சி கம்பெனியோ 1954 ஜனவரி வரை தனியாக நின்று, அதன் பிறகே அரசின் கைக்கு வந்தது. 2000-க்குப் பிறகு லைன் பகுதி பகுதியாக அகலப்பாதையாக மாறியது. மெல்லிய தண்டவாளங்கள் போயின. பழைய லைன் தொட்ட ஊர்கள் அநேகமாக அப்படியே பாதையில் இருக்கின்றன.

2016 ஏப்ரலில் லாத்தூர் குடிநீருக்குத் தவித்தது. மிரஜிலிருந்து பண்டரிபுரம், குர்டுவாடி, பார்சி வழியாக, முதல் தடவையாகப் பத்து டேங்க் வேகன்களில் சுமார் ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் ரயில் போன வழி, பழைய பார்சி லைன்.