குழந்தையின் மனக்கலக்கமும் யோக சிகிச்சையும்

குழந்தைகளின் மனநலத்துக்கு யோகாப்பியாசம் நன்மை செய்யும் என்பதை இன்று மறுப்போர் அதிகம் இல்லை. ஆனால் அந்த நன்மை எதனால் விளைகிறது, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு விளைகிறது என்று நிதானமாக ஆராய்வோரும் அதிகம் இல்லை. பள்ளி மைதானத்தில் நூற்றுக்கணக்கான சிறுவர்களை வரிசையில் நிறுத்தி, ஒருவர் ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்ல, எல்லோரும் ஒரே ஆசனத்தை ஒரே கணத்தில் செய்யும் காட்சியையும், பயந்து ஒடுங்கிப்போன ஒரு குழந்தையின் துயரம் தணிய அளிக்கப்படும் சிகிச்சையையும் நாம் ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். முன்னது தேகப்பயிற்சி; அதற்குரிய பயன் அதற்கு உண்டு. பின்னது, குழந்தையின் வயது, சுபாவம், மூச்சின் போக்கு, வீட்டின் நிலை ஆகிய யாவற்றையும் அறிந்த ஒருவர் அந்த ஒரு குழந்தைக்கென்றே வகுத்துத் தரவேண்டியது. இவ்வேற்றுமையை மறந்துவிட்டால், சத்தம் போடும் பிள்ளையைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதே யோகத்தின் வெற்றி என்று கருதும் விபரீதம் நேர்ந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில், சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது இடையூறுகளை எண்ணிக் கூறியபின், அவற்றோடு கூடவே தோன்றும் நான்கு அடையாளங்கள் 31ஆம் சூத்திரத்தில் சொல்லப்படுகின்றன: துக்கம், மனச்சோர்வு, அங்கங்களின் நடுக்கம், மூச்சின் தடுமாற்றம். இவற்றுள் முதலிரண்டும் உள்ளத்தில் நிகழ்வன. பின்னிரண்டும் கண்ணால் காணக்கூடியன. வளர்ந்தவர்கள் தம் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடும். ஏழு வயதுக் குழந்தையோ, தாயும் தந்தையும் இரவில் சண்டையிடுவதால் தனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்ல அறியாமல், வயிறு வலிக்கிறது என்கிறது, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, நகத்தைக் கடிக்கிறது. ஆகவே குழந்தையின் விஷயத்தில் இச்சூத்திரத்தின் பின்பாதி பெரிதும் உதவுகிறது: சொல்லப்படாத துக்கத்துக்கு, ஓய்வின்றி அசையும் கைகால்களும், மேல்மார்பில் மட்டும் நின்று மீளும் மூச்சும் சாட்சி சொல்கின்றன. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்கி இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது என்று உடலியல் இன்று கூறுவதனால், உள்ளத்தை எட்ட மூச்சு ஒரு வழியாகும் என்ற பழைய அனுபவத்துக்கு ஒரு விளக்கமும் கிடைக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. மூச்சை வெளியே விடுவதும் நிறுத்துவதும் சித்தத் தெளிவுக்கு ஓர் உபாயம் என்பது 34ஆம் சூத்திரம். அதற்கு முந்திய சூத்திரமோ இன்பமுற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் கருணை என்று பிறரோடு நாம் கொள்ளும் உறவைப் பற்றியது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கூறப்பட்ட உபாயங்களேயாயினும், உறவு முன்னும் மூச்சு பின்னுமாக அமைந்த இந்த வரிசை குழந்தைச் சிகிச்சைக்கு மிகவும் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். தன்னிடம் அன்புடையவர் என்று குழந்தை நம்பாத ஒருவர் சொல்லிக் கொடுக்கும் பிராணாயாமம், அதற்கு இன்னொரு வீட்டுப்பாடமாகவே முடியும்.

நமக்கு அண்மைக்காலத்தில் இத்துறையில் வழிகாட்டியவருள் முதன்மையானவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933இல் ஜகன்மோகன அரண்மனையில் அவர் நடத்தத் தொடங்கிய யோகசாலையில் பயின்றோருள் பெரும்பாலோர் சிறுவர்கள். துள்ளலும் தாவலும் நிறைந்த, ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்குத் தொடர்ந்து செல்லும் பயிற்சிமுறை வளரும் பிள்ளைகளின் இயல்புக்கு இசைந்தது. பின்னர்ச் சென்னையில் குடியேறி, தம்மை நாடி வந்தவர்களுக்குத் தனித்தனியே, அவரவர் நிலைக்கேற்பக் கற்பித்தவரும் அவரே. அவருடைய குமாரர் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் இந்தத் தனிச்சிகிச்சை முறையைத் தொடர்ந்து வளர்த்தது. குழந்தைப் பருவத்துக்கு வளர்ச்சிக்குரிய சிருஷ்டி கிரமம் என்றும், இல்லறத்தாருக்கு நிலைபெறச் செய்யும் ஸ்திதி கிரமம் என்றும் பருவத்துக்கேற்ப அப்பியாசத்தைப் பகுத்த இப்பரம்பரையின் கொள்கையைச் சிந்தித்தால், ஓடியாட வேண்டிய வயதுடைய பிள்ளையை அரைமணி நேரம் கண்மூடி அசையாதிருக்கச் சொல்வது மரபுக்கே முரணானது என்பது புலப்படும்.

இப்பரம்பரை ஆயுர்வேதத்திலிருந்து ஏற்றுக்கொண்ட பிரும்ஹணம், லங்கனம் என்னும் பாகுபாடு இன்னும் ஆழமானது. முன்னது வலுவூட்டிப் பெருக்குவது. பின்னது குறைத்துத் தணிப்பது. சினமும் பரபரப்பும் மிகுந்த குழந்தைக்கு முதலில் கைகளை வீசி, குனிந்து நிமிர்ந்து, வேண்டிய மட்டும் அசைய இடங்கொடுத்துப் பின்னர் மெல்லமெல்ல வெளிமூச்சை நீட்டுவது தணிக்கும் வழி. ஆனால் தாயை இழந்தோ, ஊரும் பள்ளியும் மாறியோ, எதிலும் நாட்டமின்றி மூலையில் சுருண்டிருக்கும் குழந்தைக்கும் முன்குனியும் ஆசனங்களையும் நீண்ட வெளிமூச்சையுமே கற்பித்தால் அது மேலும் தனக்குள்ளேயே அமிழும். அதற்கு மார்பை விரிக்கும் அசைவுகளும், கைகளை உயர்த்தி மூச்சை நிறைய உள்வாங்குவதும், உரக்கக் குரலெழுப்புவதும் தேவை. வரிசையில் நிற்கும் நூறு பேரில் யார் முன்னவர், யார் பின்னவர் என்று ஒலிபெருக்கிக்குத் தெரியாது.

மூச்சைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பள்ளிவயதுக் குழந்தை நிமிஷத்துக்குச் சுமார் 20 முறை மூச்சு விடுகிறது. மூச்சின் கால அளவாகப் பெரியவர்களுக்கு விதித்த மாத்திரைக் கணக்கை அதன்மேல் சுமத்துவது தகாது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் படிப்படியாகப் பழக்குவதுபோலப் பிராணனையும் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் அது சாதகனையே அழிக்கும் என்று ஹடயோகப் பிரதீபிகை பெரியவர்களுக்கே சொல்கிறது. மூச்சை அடக்கும் கும்பகமும், துருத்திபோல வேகமாக மூச்சு விடும் பஸ்திரிகையும் குழந்தைகளுக்கு வேண்டாம். வண்டுபோல ரீங்கரிக்கும் பிராமரியோ, ஓர் உயிரெழுத்தை நீட்டிப் பாடுவதோ, எண்ணிக்கையின் துன்பமின்றித் தானாகவே வெளிமூச்சை நீளச் செய்கிறது.

இவற்றுக்கு ஆதாரம் உண்டா என்று கேட்போருக்கு, ஷர்லி டெல்லஸ் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு சிந்தனைக்கு உரியது. எட்டு முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள 98 பள்ளிக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யோகமும் மற்றதற்கு உடற்பயிற்சியுமாக, வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு 45 நிமிஷம், மூன்று மாதம் கற்பித்தனர். யோகம் பயின்றவர்களிடம் பொதுவான தன்மதிப்பும், பெற்றோரைச் சார்ந்த தன்மதிப்பும் உயர்ந்தன. ஆனால் தோழர்களிடையே தனக்குள்ள இடத்தைப் பற்றிய சமூகத் தன்மதிப்போ உடற்பயிற்சிப் பிரிவிலேயே மேலோங்கி நின்றது. யோகத்தில் பற்றுடையோர் இதை மறைக்க வேண்டியதில்லை; கூடி விளையாடுவது தருவதை, தனித்து மூச்சைக் கவனிப்பது தரவில்லை என்றே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். எனவே விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தை யோகத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பதாகும்; யோகத்துக்குத் தனியே நேரம் ஒதுக்கப்படவேண்டும், சிறு குழுக்களில் ஒருவரையொருவர் நோக்கி இருவர் இருவராகச் செய்யும் அப்பியாசங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

யோகத்தின் எல்லையையும் உள்ளபடி சொல்லியாக வேண்டும். அடிபட்ட குழந்தை, தகாத தொடுதலுக்கு உள்ளான குழந்தை, விபத்திலோ வெள்ளத்திலோ உற்றாரை இழந்த குழந்தை ஆகியோருக்குக் கண்களை மூடுவதே பயத்தைக் கிளறிவிடக்கூடும். ஆசனத்தைத் திருத்துவதற்கென்று ஆசிரியர் முதுகில் வைக்கும் கையும் அவ்வாறே. இக்குழந்தைகளுக்குக் கண் திறந்தபடியே, கதவு தெரியும் இடத்தில் அமரவைத்து, தொடாமல் தாமே செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும். வேண்டாம் என்று குழந்தை சொன்னால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அப்போதும் யோக ஆசிரியர், குழந்தை மனநல மருத்துவருக்கு மாற்றாகாமல், அவருடைய ஆலோசனைக்குத் துணையாகவே பணிபுரிய வேண்டும்.