பாத்திரங்களுக்கு வயதாவது பற்றி

வங்கியில் கணக்குத் தொடங்குகிறவர் மாதிரிக் கையெழுத்து ஒன்று போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கையெழுத்துக்கு வயதாவதில்லை. போட்ட கைக்கு ஆகிறது. கவுண்டரில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் ஜீவனம். நவம்பர் மாதத்தில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வருவார்கள். இப்போது பலர் வீட்டிலிருந்தே போனில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுத்துவிடுகிறார்கள் என்றாலும், நேரில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பதால், இடைப்பட்ட நாட்களில் சும்மா இருந்துவிட்டு, வாசற்படி ஏறும்போது ஒரேயடியாக ஒரு வருஷம் மூப்படைந்து விட்டார்கள் என்று தோன்றும்.

கதைப் பாத்திரங்களின் வயதைப் பற்றி யோசிப்பதற்கு இது மோசமான இடமில்லை. முடிந்துபோன நாவலில் இந்தப் பிரச்னை கிடையாது. ஆசிரியர் தந்த வயதோடு பாத்திரம் நின்றுவிடுகிறது. முடியாமல் தொடர்ந்துகொண்டே போகும் கதைகளில்தான் சிக்கல். அவற்றில் காலம் யாருடையது? பாத்திரத்தினுடையதா, சொல்கிறவனுடையதா, கேட்கிறவனுடையதா?

சென்ற ஆண்டு தில்லைநகரில் ஒரு நண்பர் வீட்டில் மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து விளையாடுவதைச் சில ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்தேன். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்வேன் என்று சொல்கிறார்கள். செய்தது பலித்ததா என்று பகடை தீர்மானிக்கிறது. ஜெயிப்பதற்கு எதுவுமில்லாததால் முடிவும் இல்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட ஆட்டம் இது. பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து விளையாடும் போர் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. பொம்மைச் சிப்பாய்க்கு வயது தேவையில்லை. அவன் சாகிறான் அல்லது நிற்கிறான். ஆனால் அவனுக்கு ஒரு பெயர் கொடுத்து, அடுத்த வாரமும் அவனையே நடத்திச் சென்றால், அவனுக்கு எத்தனை வயது என்ற கேள்வி என்றாவது ஒருநாள் வந்துதான் தீரும்.

கைகாக்ஸ் இதை உணர்ந்திருந்தார். கதை நடத்துகிறவருக்காக 1979இல் அவர் எழுதிய விதி நூலில் வயதுக்கு அட்டவணைகள் உண்டு. இளமை, முதிர்ச்சி, நடுவயது, முதுமை, தொண்டு கிழம் என்று படிகள். ஏறும்போது உடல்வலு குறையும், விவேகம் கூடும். இதைவிட சுவாரஸ்யமானது வேறொன்று. விரைவு தரும் மந்திரம் ஒருவன் மேல் போடப்பட்டால் அவனுக்கு ஒரு வயது கூடிவிடும். ஆவியைக் கண்ணால் பார்த்தாலே பத்து வயது. அதாவது மூப்பு இங்கே ஒரு அபராதம். வாழ்ந்ததனால் யாரும் கிழவனாவதில்லை; பயந்ததனால் ஆகிறார்கள். நடைமுறையிலோ அட்டவணைக்கு அதிகம் வேலையிருப்பதில்லை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் கதைக்குள் மூன்று மாதம்கூட ஆவதில்லை. விளையாடுகிறவனுக்குக் கல்யாணமாகிறது, மாற்றலாகிறது, முடி கொட்டுகிறது. பாத்திரம் அதே குகையில் அதே விளக்கோடு நிற்கிறது.

இதற்கு மறுப்பாக 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பெண்ட்ராகன்' வந்தது. ஆர்தர் அரசன் காலத்து வீரர்களின் கதை. இதில் பொதுவாக ஒரு சாகசத்துக்கு ஒரு வருஷம். சாகசம் முடிந்ததும் குளிர்காலம் வருகிறது. வீரன் ஊர் திரும்பி நிலத்தின் மகசூலைக் கணக்குப் பார்க்கிறான், குழந்தை பிறந்ததா, பிழைத்ததா என்று பகடை உருட்டிப் பார்க்கிறான். முப்பத்தைந்து வயதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் மூப்புக்கென்று தனியாக ஒரு பகடை. அது மோசமாக விழுந்தால் வலுவோ அழகோ குறையும். பெருங்கதை 485இலிருந்து 566 வரை போகிறது. எந்த ஒரு வீரனும் அதுவரை தாங்க முடியாது. அவன் செத்தபின் மகனாகவும், பிறகு பேரனாகவும் ஆடவேண்டும். எனக்கு இப்போது முப்பத்தைந்து. விதியை முதல்முறை கேட்டபோது மற்றவர்கள் சிரித்த அளவுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்குப் பகடையோடு கதை பேசுவது அப்படியொன்றும் அந்நியமில்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வீட்டுக்கு வீடு பரமபத படத்தை விரிப்பார்கள். பாட்டிக்குப் புளியங்கொட்டை, எனக்கு வளையல் துண்டு. பெரிய பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு வந்தால் பாட்டி அதை ஒரு ஜன்மம் போனதாகவே எடுத்துக்கொள்வாள். அந்தக் காய்களுக்கு ஜன்மங்கள் உண்டு, வயது கிடையாது. விடிந்தால் படத்தைச் சுருட்டிவிடலாம்.

தமிழில் வாராவாரம் நீண்ட கதைகளுக்குப் பெயர் தொடர்கதை. அதில் மிக நீண்ட ஆயுள் பெற்ற பாத்திரங்களைத் தந்தவரும் இந்த ஊரில், பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி ஜோசப் கல்லூரியில் படித்தவர்தான். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் வக்கீல் கணேஷை சுஜாதா அறிமுகப்படுத்தினார். பின்னால் ஜூனியர் வசந்த் வந்து சேர்ந்தான். 2008இல் ஆசிரியர் காலமாகும்வரை அவர்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கணேஷுக்கு ஆரம்பத்தில் முப்பது என்று வைத்துக்கொண்டால் 1998இல் அறுபது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வசந்தும் பெண்களைப் பார்த்து அசடு வழிவதை நிறுத்தவில்லை. ஊரில் டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது; அவர்கள் இளைஞர்களாகவே அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

என் அப்பா 'நைலான் கயிறு' படித்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. கணேஷ் அவருக்கு அண்ணா. இருபத்தைந்தில் வசந்த் சமவயதுத் தோழன். நாற்பதில் கணேஷுக்கே தம்பி ஸ்தானம். இப்போது எழுபதில், பழைய பிரதியைக் கையில் எடுத்தால் "அந்தப் பையன்" என்கிறார். பாத்திரத்துக்கு ஆகவேண்டிய வயது முழுவதையும் வாசகன் ஏற்றுக்கொண்டுவிட்டான்.

இதை வணிக எழுத்தின் சோம்பல் என்று தள்ளிவிடுவது நம்மைப் போன்றவர்களுக்கு வழக்கம். அது அவசரத் தீர்ப்பு என்று நினைக்கிறேன். வயதாகாமல் இருப்பது குறையல்ல. ஞாபகம் இல்லாமல் இருப்பதுதான் குறை. கணேஷ் எத்தனை பிணங்களைப் பார்த்திருக்கிறான்! அடுத்த தொடரின் முதல் வாரத்தில் துடைத்த சிலேட்டாக வந்து நிற்கிறான். அநுபவம் சேராதவனுக்கு முதுமை எங்கிருந்து வரும்? கைகாக்ஸின் அட்டவணை எண்களை மாற்றியது, ஆளைத் தொடவில்லை. சுஜாதா எண்களைக்கூட மாற்றவில்லை. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் அதே கைதான் ஸ்ரீரங்கத்துக் கதைகளையும் எழுதியது. அங்கே ரங்கு கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயதாகிறது. சிலர் நொடிந்து போகிறார்கள். சொல்கிறவனே ஊரைவிட்டுப் போய், திரும்பிப் பார்க்கிறவனாக இருக்கிறான். என் தொழில் பாஷையில் சொன்னால், அவர் இரண்டு கணக்குகள் வைத்திருந்தார். வாரப் பத்திரிகைக்கு ஒரு நடப்புக் கணக்கு. அதில் எதுவும் தங்காது. தன் காலத்தை எல்லாம் இந்த ஊரில் வைப்புக் கணக்காகப் போட்டுவைத்தார். எது முதிர்ந்து பலன் தந்தது என்று வாசகனுக்குத் தெரியும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுவும் இங்கேதான். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அரையர்கள் கூம்பிய குல்லாயும் கைத்தாளமுமாகப் பாசுரங்களை இசைத்து அபிநயிக்கிறார்கள். நாதமுனிகளிடமிருந்து, அதாவது பத்தாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் மரபு. முத்துக்குறியில் ஒரே அரையர் தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறுகிறார். இராப் பத்தின் எட்டாம் நாள் வேடுபறியில் திருமங்கையாழ்வார் மறுபடியும் பெருமாளை வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார். கடைசி விடியலில் நம்மாழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்து, துளசியால் மூடுகிறார்கள். மோட்சம் ஆயிற்று. பிறகு உலகத்துக்காக அவரைத் திருப்பித் தரவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார்கள். அவர் திரும்பி வருகிறார். ஒவ்வொரு வருஷமும் போகிறார், ஒவ்வொரு வருஷமும் வருகிறார். வயது ஏறுவதில்லை.

இங்கே நடப்பது பெண்ட்ராகனுக்கு நேர் எதிர். அங்கே ஆடுகிறவன் ஒருவன், பாத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன. இங்கே பாத்திரம் ஒன்று, ஆடுகிறவர்கள் தந்தையிலிருந்து மகனாக மாறுகிறார்கள். குரல் தளர்ந்த அரையருக்குப் பக்கத்தில் இளைய குரல் ஒன்று அதே அடியை எடுத்துத் தருவதைக் கேட்டிருக்கிறேன். ஆழ்வாருக்கு ஆகாத வயது எங்கே போயிற்று என்பதற்கு அந்த இரண்டு குரல்களுக்கு இடையிலுள்ள தூரம் பதில் சொல்லும். காலத்தை மறைக்கவில்லை; பார்க்கும்படி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். தொடர்கதை செய்யத் தவறியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

போன நவம்பரில் அப்பா எங்கள் கிளைக்குப் பணம் எடுக்க வந்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. மகன் என்பதால் நான் தொடக்கூடாது, அதிகாரியிடம் கொடுத்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கவேண்டியதாயிற்று. அப்பா மூன்று முறை போட்டார். மூன்றும் மூன்று விதம். பழையதைப் பார்க்கவேண்டும் என்றார். 1984இல் போட்டது திரையில் இருந்தது, ஒரே வீச்சில் இழுத்து, கீழே கோடு போட்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பையன் நன்னாத்தான் போட்டிருக்கான்" என்றார்.