போலந்துக்காரரின் புளிக்கூழ்

எங்கட சித்திரைப் புத்தாண்டும் கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறும் பல வருடங்களில் ஒரு சில வார இடைவெளியில்தான் வரும். நாங்கள் மருத்துநீரும் கைவிசேடமுமாக நிற்கிற அந்த நாட்களில், போலந்துக்காரர் வீட்டு மேசையில் ஒரு புளிக்கூழ் ஆவி பறக்க இருக்கும். அதற்குப் பெயர் ஜூரெக். 'றை' என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, நாலைந்து நாள் புளிக்க வைத்து, அந்தப் புளித்த கரைசலை ஊற்றிக் காய்ச்சுகிற கூழ். அவித்த முட்டையும் வெள்ளைச் சொசேஜும் அதற்குள் கிடக்கும். இன்றைக்கு அது பெருநாள் சாப்பாடு. ஆனால் ஒரு காலத்தில் இதே கூழுக்குச் சனங்கள் செத்தவீடு நடத்தி, பானையை உடைத்து, மண்ணில் புதைத்திருக்கினம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

களையாக வந்த பயிர்

முதலில் றையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆதியில் இதை ஒருவரும் விரும்பி விதைக்கவில்லை. கோதுமை, பார்லி வயல்களில் களையாக முளைத்ததுதான் றை என்று ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வவிலோவ் விளக்கினார். விவசாயம் குளிர்நாடுகளை நோக்கிப் போகப் போக, கோதுமை குளிரில் பட்டுப்போனது. களையோ தப்பி நின்றது. கடைசியில் களையே பயிராகிவிட்டது. போலந்தின் பெரும்பகுதி மணல் கலந்த, சத்துக் குறைந்த மண். மாரியோ கடும் குளிர். அந்த மண்ணுக்கும் அந்தக் குளிருக்கும் ஈடு கொடுத்தது றைதான். இன்றும் உலகில் றை அதிகம் விளைகிற நாடுகளில் போலந்தும் ஒன்று.

றை மாவுக்கு ஒரு குணம் உண்டு. கோதுமை மாவைப் போல இழுபடுகிற தன்மை அதற்கு இல்லை. புளிக்க வைத்தால்தான் பாண் பதமாக வரும். ஆகவே புளித்த மா எந்தக் குடியானவர் வீட்டிலும் எப்போதும் இருந்தது. அந்தப் புளிப்பில் கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் கூழ். காசு செலவில்லை. 'ஜூர்' என்ற பெயரே புளிப்பு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது. அதைச் செல்லமாகச் சொன்னால் ஜூரெக்.

நாற்பது நாள் கூழ்

போலந்து 966ஆம் ஆண்டில் கிறிஸ்தவ நாடானது. அதன்பின் தவக்கால நோன்பு அங்கே எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1018இல் காலமான தீத்மார் என்ற ஜெர்மன் ஆயர் தன்னுடைய வரலாற்று நூலில், போலேஸ்லாவ் மன்னரின் ஆட்சியில் நோன்பு நாட்களில் இறைச்சி தின்று பிடிபட்டவனுக்குப் பல்லை உடைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். தவக்காலம் தொடங்குவதற்கும் முந்திய கிழமைகளிலேயே அங்கே இறைச்சிக்குத் தடை.

இப்படிப்பட்ட நோன்பில் சனம் எதைச் சாப்பிடும்? புளிக்கூழும் உப்பிட்ட ஹெரிங் மீனும்தான். காலையிலும் கூழ், பின்னேரமும் கூழ். பாலில்லை, முட்டையில்லை, கொழுப்பில்லை. பாருங்கோ, நாற்பது நாள் ஒரே சாப்பாடு என்றால் எவருக்கும் வெறுத்துப் போகும்தானே.

அந்த வெறுப்பில் பிறந்ததுதான் கூழின் செத்தவீடு. பெரிய வெள்ளியிலோ பெரிய சனியிலோ இளவட்டங்கள் ஜூர்ப் பானையை ஊர்வலமாகக் கொண்டுபோய் உடைப்பார்கள், அல்லது புதைப்பார்கள். 18ஆம் நூற்றாண்டுப் போலந்தின் பழக்கவழக்கங்களை எழுதிவைத்த யெண்ட்ஜெய் கித்தோவிச் என்ற பாதிரியார் இந்தக் கூத்தையும் குறித்திருக்கிறார். ஒரு அப்பாவிப் பையனைப் பிடித்துப் பானையைச் சுமக்கவிட, பின்னால் வருகிறவன் மண்வெட்டியால் பானையில் ஒரு போடு போடுவான். கூழ் முழுக்கப் பையனின் உடம்பில் வழியும். ஊர் சிரிக்கும். ஹெரிங் மீனுக்கோ தூக்குத் தண்டனை: இத்தனை நாள் எங்களைப் பட்டினி போட்டாய் என்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இத்தனை அவமானப்பட்ட கூழ் எப்படித் திரும்பி வந்தது? நோன்பு முடிந்த காலையில் அதே புளிப்பில் சொசேஜையும் முட்டையையும் பாலாடையையும் போட்டார்கள். புளிப்பும் கொழுப்பும் சேர்ந்தால் வருகிற ருசி எங்கட சனத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலப்போக்கில் ஏழையின் கூழ் பெருநாள் மேசைக்கே வந்துவிட்டது. இப்போது உணவகங்களில் பாணைக் குடைந்து, அதற்குள் கூழை ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

நாடு இல்லாத காலமும் கூப்பன் காலமும்

1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுவதுமாகப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை, 123 வருடங்கள், உலகப் படத்தில் அந்த நாடு இல்லை. இரண்டாம் உலகப் போரின் பின் ஊருக்குத் திரும்ப முடியாமல் போன போலந்துப் படைவீரருக்காகவும் அவர்களின் குடும்பங்களுக்காகவும் பிரித்தானியப் பாராளுமன்றம் 1947இல் ஒரு குடியமர்த்தல் சட்டத்தை நிறைவேற்றியது. அவர்களில் கனபேர் பழைய இராணுவ முகாம்களின் தகரக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். இந்த நாட்டில் எங்களுக்கு முன் வந்த அகதிகள் அவர்கள். 2004 மே 1இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள்.

லண்டனில் என்னோடு வேலை செய்கிற போலந்து அக்கா அப்படி வந்தவர். அவர் பிள்ளையாக இருந்தபோது அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. 1981இல் இறைச்சிக்குக் கூப்பன் வந்தது. 1989 வரை அது போகவில்லை. "இறைச்சி கிடைக்காத கிழமையிலை அம்மா உருளைக்கிழங்கும் காய்ந்த காளானும் போட்டு ஜூர் காய்ச்சுவா. கூப்பன் கேட்காத சாப்பாடு அது" என்று சொன்னார். கூப்பன் என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவருடைய மகள் இங்கே பிறந்தவள். ஜூரெக் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் போலந்துக் கடையில் போத்தலில் விற்கிற புளிப்பை வாங்கித்தான் காய்ச்சுகிறாள். "மாவும் தண்ணியும் தானாகப் புளிக்கும் என்பதை அவள் நம்பவேயில்லை" என்று தாய் குறைப்பட்டார்.

வீட்டில் செய்யும் முறை

அவர் சொல்லித் தந்து நான் வீட்டில் செய்து வருகிற முறை இது. ஒரு கண்ணாடிப் போத்தலில் தவிடு நீக்காத றை மா 100 கிராம் போடுங்கள். கொதித்து ஆறின, இளஞ்சூட்டுத் தண்ணீர் அரை லீற்றர் விட்டுக் கரையுங்கள். நசுக்கிய உள்ளி 4 பல், பே இலை 2, கராம்பு போல மணக்கிற ஒல்ஸ்பைஸ் 4 மணி சேர்த்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டிக் குசினியில் சூடான இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒருதரம் கிண்டுங்கள். நாலாம் ஐந்தாம் நாள் இதமான புளிப்பு மணம் வரும். பூஞ்சணம் பிடித்தால் முழுவதையும் ஊற்றிவிடுங்கள். இந்தக் கரைசலுக்கு அவர்கள் சொல்கிற பெயர் 'ஸாக்வாஸ்'. எங்கட தோசை மாவைப் புளிக்க வைக்கிற அதே இனக் கிருமிகள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன.

பிறகு, சொசேஜ் அவித்த தண்ணீர் ஒரு லீற்றரைக் கொதிக்க வைத்து, நன்றாகக் குலுக்கிய ஸாக்வாஸ் ஒன்றரைக் கப் ஊற்றி, கட்டிபடாமல் கிண்டுங்கள். உப்பு, இன்னும் கொஞ்சம் உள்ளி, மார்ஜொரம் என்ற காய்ந்த இலை, இறக்கும்போது இரண்டு கரண்டி கிறீம். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே வையுங்கள். சைவக்காரர் யோசிக்கத் தேவையில்லை. சொசேஜுக்குப் பதில் காய்ந்த காளானும் உருளைக்கிழங்கும் போட்டு, முட்டையையும் கிறீமையும் விட்டால், அதுதான் பழைய தவக்காலக் கூழுக்குக் கிட்டின முறை. மிச்ச ஸாக்வாஸை ஊற்றிவிடாதேயுங்கோ. அடியில் கொஞ்சம் விட்டு, அதன்மேல் புது மா கரைத்தால் அடுத்த முறை கெதியாய்ப் புளிக்கும்.

நாங்களும் யோசிக்க

பானை உடைந்தாலும் செய்முறை தெரிந்த ஒருவர் இருக்கும்வரை கூழ் திரும்பி வரும். தெரிந்தவர் இல்லாமல் போனால் கடைப் போத்தல்தான் மிச்சம். எங்கட ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் பழஞ்சோறும் ஒரு காலத்தில் இல்லாதவன் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டவைதான். இன்று அவற்றுக்காக நாங்கள் ஏங்குகிறோம். ஆனால் ஒடியல் மாவின் காறலை எப்படிப் போக்குவது, எவ்வளவு புளி விடுவது என்று எங்கட வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அம்மாமாரிடம் கேட்டால் "கைக்கணக்கு" என்பார்கள். அந்தக் கைக்கணக்கு அவர்களோடு போய்விடும்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்போம். அம்மம்மா, அப்பம்மா உள்ள வீடுகளில், அவர்கள் அள்ளிப் போடுவதை ஒருமுறை தராசில் நிறுத்து, கப்பில் அளந்து, ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.