போரும் ஊராரும் – 11: திரையில் முகம், கோப்பில் குரல்

சென்ற இதழில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டுகளையும், எரிந்த பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளையும் பார்த்தோம். 28 ஆண்டுகள் கழித்து, 1942 ஏப்ரலில், தன் மீது ஒரு குண்டும் விழாத நிலையில் சென்னை காலியானது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நகரத்தில் இருந்தே தீர வேண்டிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று மாகாண அரசு அறிவித்தது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின; உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டுவீச்சில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1941 கணக்கெடுப்பின்படி 7 லட்சத்து 77 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. இத்தனை பெரிய நிகழ்வில், வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் போரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை யார் பதிவு செய்தார்கள்? இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

படம் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 1940-இலேயே இந்திய அரசு திரைப்பட ஆலோசனைக் குழுவை அமைத்து, இங்கிலாந்திலிருந்து அலெக்சாண்டர் ஷா என்ற ஆவணப்பட இயக்குநரை வரவழைத்தது. அவருக்குப் பின் எஸ்ரா மீர் பொறுப்பேற்றார். 1943-இல் ‘இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற நிறுவனமும் ‘இந்தியன் நியூஸ் பரேட்’ என்ற செய்திப்படமும் வந்தன. அவற்றைத் தமிழிலும் வெளியிட்டார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 44ஏ என்று ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு காட்சியிலும் 2,000 அடி வரை அரசு ஒப்புதல் பெற்ற படத்தைத் திரையிட்டே ஆக வேண்டும் என்று கொட்டகைகளைக் கட்டாயப்படுத்தினார்கள். 2,000 அடி என்றால் ஏறத்தாழ 22 நிமிடம். பாட்டும் நாடகமும் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள் முதலில் ஆயுதத் தொழிற்சாலையையும் படைப் பயிற்சியையும் சேமிப்புப் பிரசாரத்தையும் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்தப் படங்களில் சாதாரண மக்கள் இல்லாமல் இல்லை. உழவர், நெசவாளர், தொழிலாளி, சிப்பாய் என்று எல்லோரும் வருகிறார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பேசுவது பின்னணிக் குரல். இந்தப் போர் உனக்கு வேண்டுமா என்று கேமரா அவர்களிடம் கேட்கவில்லை.

அதே அரசு அதே மக்களின் கருத்தை வேறோர் இடத்தில் மிகுந்த அக்கறையோடு சேகரித்துக்கொண்டிருந்தது. மாகாணங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டெல்லிக்கு இரகசிய அறிக்கை அனுப்பின. அரிசி விலை, சந்தையில் உலவும் வதந்தி, ஜப்பானைப் பற்றிய பேச்சு என்று ஆட்சிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவற்றில் உண்டு. மேற்காசியாவிலும் இத்தாலியிலும் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து, முக்கியமான வரிகளை மொழிபெயர்த்துத் தொகுத்தார்கள். ஊரில் தானியம் கிடைக்கவில்லையாமே, குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கலங்கிய சிப்பாய்களின் குரலை இன்று நாம் கேட்பது அந்தத் தொகுப்புகளால்தான். அவற்றில் எழுதியவரின் ஊர் இல்லை, முகம் இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை. ஆக, ஒரே போரில் அரசு இரண்டு ஆவணங்களை உருவாக்கியது. மக்களுக்குக் காட்டிய ஆவணத்தில் முகம் இருந்தது, கருத்து இல்லை. மக்களிடமிருந்து மறைத்த ஆவணத்தில் கருத்து இருந்தது, முகம் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்து அந்தக் காலத்து மக்களைப் புரிந்துகொண்டதாக நினைப்பது பெரிய பிழை என்பது என் வாதம்.

போர்க்கால அரசு எதுவானாலும் இப்படித்தான் செய்யும், பிரிட்டனிலும் பிரசாரப் படங்கள்தானே எடுத்தார்கள் என்று கேட்கலாம். எடுத்தார்கள்தான். ஆனால் ‘லிசன் டு பிரிட்டன்’ (1942) படத்தை எடுத்த ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ், 1937-இல் சார்லஸ் மாட்ஜ், டாம் ஹாரிசன் ஆகியோரோடு சேர்ந்து ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர். சாதாரண மனிதர்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி, அவர்கள் பேச்சையும் பழக்கத்தையும் பதிவு செய்த அமைப்பு அது. அந்தப் படத்தில் பின்னணி விளக்கமே கிடையாது; தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பாடும் பாட்டும் ரயில் சத்தமும்தான். பிரசாரம் என்றாலும் அது மக்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய ஒருவரின் படம். பிரிட்டிஷ் அரசுக்குத் தன் மக்களின் மனநிலையைக் கேட்டறிந்து திருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. இந்தியாவிலோ 1939-இல் இந்தியரை ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் போர் அறிவித்தார். கேட்காமல் தொடங்கிய போருக்கு எடுத்த படத்திலும் கேள்வி இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் தாமாகச் சேர்ந்தார்கள். ஆள் கொடுத்ததில் பஞ்சாபுக்கு அடுத்தபடி சென்னை மாகாணம். அது மக்களின் சம்மதம் இல்லையா? சேர்ந்தவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர்களில் போர் நியாயமானது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் பர்மா அரிசி நின்று விலை ஏறிய காலத்தில், மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் தந்த வேலை ராணுவ வேலை. அந்தக் கையெழுத்தைக் கருத்து என்று எடுத்துக்கொண்டால், அதே மக்கள் செய்த மற்றதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றாசிரியர் இந்திவர் காம்தேகர் 1942-இன் நடுக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அஞ்சலகச் சேமிப்பிலிருந்து மக்கள் பணத்தை எடுத்தார்கள். வெள்ளி நாணயத்தைப் பதுக்கினார்கள். கரையோர நகரங்களை விட்டுப் போனார்கள். அரசு சொன்னதால்தானே சென்னையை விட்டுப் போனார்கள் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அஞ்சலகத்திலிருந்து பணத்தை எடுக்கச் சொல்லி அரசு அறிவிக்கவில்லை. இந்த அரசு நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை போய்விட்டது என்பதை எழுத்தறியாதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நான் இதை வெறும் பீதி என்று எழுத மறுக்கிறேன். சிங்கப்பூரையும் ரங்கூனையும் கைவிட்ட ஆட்சியைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கு அது.

தமிழ்க் கலைஞர்களின் நிலையும் இந்த இரண்டு ஆவணங்களுக்கு நடுவில்தான் இருந்தது. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றிச் சேகரித்த படச்சுருள்களைத் தொகுத்து உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940 ஆகஸ்டில் சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியானது. பிறகு அரசு பறித்துவிடும் என்று அஞ்சி அவர் அதை மறைத்து வைக்க வேண்டியதாயிற்று. தமிழன் தானாக எடுத்த ஆவணப்படம் ஒளிந்திருந்த ஆண்டுகளில் அரசின் படம் கட்டாயமாக ஓடியது. படச்சுருள் தட்டுப்பாட்டால் கதைப்படங்களும் அரசின் தயவை நாடின. 1945-இல் கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரக்ஷணம்’, டி.ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கொத்தமங்கலம் சுப்புவின் ‘கண்ணம்மா என் காதலி’ ஆகிய மூன்றும் போரைத் தொட்டு வந்தன. மக்களின் பேச்சு ஓரளவு மிஞ்சியிருப்பது பத்திரிகைகளில்தான். தணிக்கையை மீறி நேராகச் சொல்ல முடியாததை விலைவாசி பற்றிய சித்திரத்திலும் வாசகர் கடிதத்திலும் விளம்பரத்திலும்கூடத் தேட வேண்டியிருக்கிறது. வேளச்சேரிக்கு அடுத்த தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டினால், 1942-ஐப் பற்றி அரசுப் படங்கள் சொல்லாத எவ்வளவோ கிடைக்கும்.

இந்த இரண்டு ஆவணங்களிலுமே இடம் பெறாத தமிழர்களும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆயிரமாயிரமாகக் கொண்டுபோன தொழிலாளர்கள் அவர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், ஒளித்து வைத்துப் படம் வரைந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. உலகம் பார்த்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) அந்தக் கைதிகளின் கதை. தமிழர்களுக்கு நாட்குறிப்பும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக எழுதினார்கள். குறிஞ்சிவேந்தன் ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் படத்தில் உயிர் தப்பிய முதியவர்கள் கேமராவைப் பார்த்துத் தாங்களே தமிழில் பேசுகிறார்கள். கேமரா அவர்களிடம் கேட்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

அடுத்த இதழில்: பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள்.