வழுக்கையாறும் றைன் நதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் உயிர்பெறும் வழுக்கையாறே எமக்கு வாய்த்த ஆறாகும். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து மழைவெள்ளத்தைத் திரட்டி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்களின் குளங்களையும் வயல்களையும் தொட்டு, அராலியில் அது கடனீரேரியுடன் கலக்கின்றது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்வாய்வு செய்த கந்தரோடை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய குடியிருப்பாகும். நீர் தேங்கும் இடத்தையே எம் முன்னோர் ஊராகத் தேர்ந்தனர்.

அவர்கள் மாரி நீரைக் குளங்களிலும் கேணிகளிலும் தேக்கினர். அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிற் சேர்ந்தது. கோடையில் அந்நீரைத் துலாவினாலும் பட்டையினாலும் இறைத்தனர். துலா மிதிப்பவரின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று; கிணறும் ஆறி ஊறியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெயில் இயங்கும் இறைப்பு இயந்திரங்கள் பரவின. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எமது தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். அவ்வருவாயில் எத்தனையோ பிள்ளைகள் படித்து முன்னேறினர். ஆயினும் இறைப்பு பெருகியது, குளங்கள் தூர்ந்தன, கரையோரக் கிணறுகள் பல உவராயின.

காரணம் யாது? எமது நிலத்தடி நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. வடகடற்கரை ஊர்களின் குடிநீரை ஆராய்ந்த ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் ஜேர்மனியப் பொறியியலாளர் 1901இல் இதன் கணக்கை வெளியிட்டார். நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு.

நிலத்தடி நீரின் அருமையை ஜேர்மனியரும் பட்டே அறிந்தனர். வால்டோர்ஃபில் வாழும் எமக்கு மேற்கே ஓடும் றைன் நதியை, துல்லா என்னும் பொறியியலாளரின் திட்டப்படி 1817இல் நேராக்கத் தொடங்கினர். 1876இல் வேலை முடிந்தபோது மேல் றைன் சுமார் 80 கிலோமீற்றர் குறுகியிருந்தது. வெள்ளம் தணிந்தது, விளைநிலம் பெருகியது. ஆனால் விரைந்தோடிய நதி தன் அடித்தளத்தை அரித்தது. தென் பாடனில் நிலத்தடி நீர் தாழ்ந்து நிலங்கள் வறண்டன. பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநில அரசு 1996இல் ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி, வெள்ளநீருக்கு 13 இடங்களில் மீண்டும் இடமளிக்கும் வேலை நடந்து வருகின்றது. மிகுந்த பொருட்செலவில், நதிக்கு அதன் நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றனர்.

எமது ஊர்ச் சங்கங்கள் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் மனமுவந்து பணம் அனுப்புகின்றன. அவற்றோடு ஊர்க்குளம் ஒன்றைத் தூர்வாரவும், அதற்கு நீர் வரும் வாய்க்காலைத் திறக்கவும் உதவுதல் வேண்டும். ஆழக் குழாய்க்கிணறு அடிக்கப் பணம் கேட்கும் உறவினருக்கு ஹேர்ட்ஸ்பேர்க்கின் கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள்.

காணி உறுதி எழுதும்போது கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் சேர்த்தே எழுதுவது யாழ்ப்பாண வழக்கம். நாம் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் அப்பங்கு நன்னீர்ப் பங்காக இருக்க வேண்டுமாயின், மாரி நீர் கடலுக்கு ஓடுமுன் குளத்தில் தங்க வேண்டும்.